புலி எங்கே தாவும்?

ஸோஹோ நிறுவனத்தின் ஆட்சேர்ப்புக்குப் போய்வந்த மாணவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மூன்றாம் சுற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். முதல் சுற்றில் சி மொழியில் நாலைந்து வரி கொடுத்து 'அவுட்புட் என்ன' என்று கேட்பதும், இரண்டாம் சுற்றில் சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுதச் சொல்வதும் எங்கும் உள்ளவைதான். மூன்றாம் சுற்றில் சில மணி நேரம் கொடுத்து, ஒரு முழுப் பொருளையே கட்டச் சொல்கிறார்கள். ரயில் டிக்கெட் முன்பதிவு, கால் டாக்ஸி, லிஃப்ட் என்று ஒரு வகை. பாம்பும் ஏணியும், பந்தால் செங்கல் உடைப்பது, குகைக்குள் தங்கம் தேடிப் போகிறவன் அரக்கனிடம் சிக்காமல் போய்ச் சேர்வது என்று இன்னொரு வகை. படமோ வண்ணமோ தேவையில்லை. கறுப்புத் திரையில் எழுத்துகளாலேயே கட்டம் போட்டு ஆட்டம் ஓடினால் போதும். ஒரு படி முடிந்ததும் அடுத்த நிபந்தனை வரும். அதற்கு முன்னே எழுதியது ஈடுகொடுக்கிறதா என்று பார்ப்பார்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூர்ப் பக்கமும், லேனாவிளக்கு, திருமயம் வட்டாரத்திலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் படிக்கும் பிள்ளைகளில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். இறுதியாண்டு வந்ததும் பூல் கேம்பஸ், ஆஃப் கேம்பஸ் என்று திருச்சிக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுகிறார்கள். ஒரு மணி நேரத் தேர்வு எப்படி அமைக்கப்பட்டது என்பது அவர்கள் வீட்டின் அடுத்த இருபது வருஷத்தைத் தீர்மானித்துவிடுகிறது. அதனால்தான் நிரலாளரை விளையாட்டு வைத்துச் சோதிக்கும் பழக்கத்தைக் கொஞ்சம் கவனமாக ஆராய வேண்டும் என்று நினைக்கிறேன். அதில் நல்லதும் உண்டு, பெரிய அநியாயமும் உண்டு. விடை ஒளித்து வைத்த புதிரைக் கேட்பது ஒன்று. விதி தெரிந்த ஆட்டத்தைக் கட்டச் சொல்வது வேறொன்று. இரண்டையும் ஒரே பையில் போட்டுவிட்டதில்தான் குழப்பம் முழுவதும்.

நிரலாளர் வேலை பிறந்தபோதே புதிர் அதன் கூடவே வந்துவிட்டது. 1942 ஜனவரியில் லண்டனின் டெய்லி டெலிகிராப் பத்திரிகை, குறுக்கெழுத்தை 12 நிமிடத்துக்குள் முடிக்க முடியுமா என்று வாசகர்களை அழைத்துப் போட்டி வைத்தது. கலந்துகொண்டவர்களில் சிலருக்குப் பின்னால் ராணுவ அலுவலகத்திலிருந்து கடிதம் போனது. ஜெர்மானியச் சங்கேதங்களை உடைத்துக்கொண்டிருந்த பிளெட்ச்லி பார்க்குக்கு அப்படியும் ஆள் சேர்ந்தது. கணினி வந்த பிறகு இதே எண்ணம் தொழிற்சாலை அளவுக்கு வளர்ந்தது. 1955இல் ஐபிஎம் 'புரோகிராமர் ஆப்டிட்யூட் டெஸ்ட்' என்ற ஒன்றை உருவாக்கியது. எண் தொடரில் அடுத்து என்ன வரும், இந்த உருவத்துக்கு அந்த உருவம் எப்படியோ அப்படி இதற்கு எது, கொஞ்சம் கணக்கு. இன்றைக்கும் நம் பிள்ளைகள் எழுதும் ஆப்டிட்யூட் ரவுண்டின் பாட்டனார் இதுதான். அன்று அதற்கொரு நியாயம் இருந்தது. கணினி அறிவியல் பட்டம் என்று ஒன்று கிடையாது. நல்ல நிரலாளர் எப்படி இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. அதே காலத்தில் ஐபிஎம்மில் இருந்த பாப் பீமர், சதுரங்கப் பிரியர்களை அழைத்து விளம்பரம் கொடுத்தார். அமெரிக்கச் சதுரங்க வீரர் ஆர்தர் பிஸ்கையர் அப்படி ஐபிஎம்மில் வேலைக்குச் சேர்ந்தவர்.

1966இல் வில்லியம் கேனனும் டேலிஸ் பெர்ரியும், வேலையில் இருந்த நிரலாளர்களின் விருப்பங்களை ஆராய்ந்து, அவர்களுக்குப் புதிர் பிடிக்கும், மனிதர்களோடு பழகப் பிடிக்காது என்று எழுதினார்கள். வரலாற்றாசிரியர் நேதன் என்ஸ்மெங்கர் 2010இல் வெளியிட்ட தம் நூலில் இதன் விளைவைக் காட்டுகிறார். புதிர்ப் பிரியர்களைத் தேடியெடுத்து வேலைக்கு வைத்தார்கள். பிறகு வேலையில் இருப்பவர்களை அளந்து பார்த்து, 'நிரலாளர் என்றால் புதிர்ப் பிரியர்' என்றார்கள். அந்த அளவுகோலை வைத்து மறுபடியும் ஆள் எடுத்தார்கள். சல்லடையின் கண் எப்படியோ அப்படித்தானே கீழே விழும் தானியமும் இருக்கும்! இந்தச் சுற்றில் வெளியே தள்ளப்பட்டவர்களில் பெண்கள் அதிகம்.

பிறகு மைக்ரோசாஃப்ட் காலம். பாதாளச் சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது, ஃபியூஜி மலையை எப்படி இடம் மாற்றுவாய் என்ற கேள்விகள் ஊரெல்லாம் பரவின. வில்லியம் பவுண்ட்ஸ்டோன் 2003இல் அந்த மலையையே தலைப்பாக்கி ஒரு புத்தகம் போட்டார். 2004இல் கூகுள், சிலிக்கன் பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலையில் ஒரு பெரிய விளம்பரப் பலகை நிறுத்தியது. கம்பெனி பெயர் அதில் இல்லை. கணிதத்தில் 'இ' என்று குறிக்கும் எண்ணின் தசம இலக்கங்களில் முதலில் தென்படும் 10 இலக்கப் பகா எண் எதுவோ, அதுதான் இணைய முகவரி என்று மட்டும் இருந்தது. விடை 7427466391. அந்த முகவரிக்குப் போனால் இன்னொரு கணக்கு, அதையும் முடித்தால் வேலைக்கு அழைப்பு. அழகான யோசனைதான். ஆனால் அதே கூகுளின் மனிதவளத் தலைவர் லாஸ்லோ பாக் 2013இல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில், மூளையைக் குடையும் இந்த வகைக் கேள்விகள் வெறும் நேர விரயம், வேலையில் ஆள் எப்படி இருப்பார் என்பதை அவை காட்டவே இல்லை, கேட்கிறவர் தம்மைப் புத்திசாலி என்று எண்ணிக்கொள்ளத்தான் உதவின என்ற பொருளில் வெளிப்படையாகச் சொன்னார்.

இந்தியாவில் இதன் வடிவம் வேறு. 2000ஐ ஒட்டிய வருஷங்களில் இன்ஃபோசிஸ் தேர்வுக்குத் தயாராவது என்றால் சகுந்தலா தேவியின் புதிர்ப் புத்தகத்தையும் ஜார்ஜ் சம்மர்ஸின் தர்க்கப் புதிர்களையும் கரைத்துக் குடிப்பது என்று பொருள். முந்தின வாரம் வேறு கல்லூரியில் கேட்ட கேள்வி இந்த வாரம் நம் கல்லூரிக்கும் வரும். அதைச் சொல்ல ஒரு சீனியர் வேண்டும். கிண்டியிலும் கோயம்புத்தூரிலும் உள்ள பெரிய கல்லூரிகளுக்கு ஒவ்வொரு கம்பெனியிலும் சீனியர்கள் இருந்தார்கள். லேனாவிளக்குப் பக்கம் புதிதாகத் தொடங்கிய கல்லூரிக்கு யார் இருந்தார்கள்? புதிரின் மேல் எனக்குள்ள முக்கியமான வருத்தம் இதுதான். விடை ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால் அந்தக் கேள்வி யோசனையை அளப்பதில்லை, தொடர்புகளை அளக்கிறது. மாவட்டத்துப் பிள்ளைக்குத் தொடர்பு குறைவு.

இதற்கு மாற்றாக வந்த கணினிவழித் தேர்வில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. திருச்சி துவாக்குடியில் உள்ள என்ஐடியில் படித்த விவேக் ரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் 2009இல் தொடங்கிய இன்டர்வியூஸ்ட்ரீட்தான் பின்னால் ஹேக்கர்ராங்க் ஆனது. 2011இல் புதுத் தொழில்களுக்கு முதலீடு தரும் அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்ட முதல் இந்திய நிறுவனம் அது. டிசிஎஸ் 2012இல் கோட்விட்டா என்ற நிரல் போட்டியைத் தொடங்கியது. எந்தக் கல்லூரி என்று பார்க்காமல், எழுதிய புரோகிராம் ஓடுகிறதா என்று இயந்திரமே பார்த்துச் சொல்வதால், புதுக்கோட்டையிலிருந்தும் கிண்டியிலிருந்தும் எழுதுகிறவர்கள் ஒரே வரிசையில் நின்றார்கள். இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் இயந்திரம் விடையைத்தான் பார்க்கும். விடைக்கு எப்படி வந்தாய், ஏன் இப்படிப் பிரித்தாய் என்று அது கேட்காது. ஆயிரக்கணக்கான பழைய கேள்விகள் குவிந்துவிட்ட பிறகு அதற்கும் மனப்பாடம் வந்துவிட்டது.

விளையாட்டிலிருந்து வந்த கேள்விகளில் மிக எளிமையானது ஃபிஸ்பஸ். 1 முதல் 100 வரை எண்ணிக்கொண்டு போக வேண்டும். 3ஆல் வகுபடும் எண்ணுக்கு ஒரு சொல், 5ஆல் வகுபட்டால் வேறொரு சொல், இரண்டாலும் வகுபட்டால் இரண்டு சொல்லும். இங்கிலாந்துச் சிறுவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஆடும் ஆட்டம் இது. இம்ரான் கோரி என்பவர் 2007இல் இதை நேர்முகத் தேர்வுக்கான கேள்வியாக எழுதினார். பட்டம் வாங்கியவர்களிலும் பலரால் இதை எழுத முடியவில்லை என்ற செய்திதான் அதை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது. நம் பள்ளிகளில் ஏழாம் வாய்ப்பாட்டு எண் வந்தால் வாய் திறக்காமல் கைதட்ட வேண்டும் என்று ஆடுவதும் இதே இனம்தான்.

இதற்கு அடுத்த படியில் வைக்கத் தகுந்தது பல்லாங்குழி. 14 குழிகளைத் தொடர் எண்ணாக வைத்துக்கொண்டால், கையில் உள்ள முத்துகளைப் போட்டுக்கொண்டே போவதுதான் ஆட்டம். பதினான்காவது குழிக்கு அப்புறம் முதல் குழிக்குத் திரும்ப வேண்டும். வகுத்து மீதியை எடுக்கும் கணக்கு இங்கே தானாக வந்து நிற்கும். முத்து தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ள வேண்டும், அடுத்த குழி காலி என்றால் அதற்கு அடுத்ததைத் தனதாக்கிக்கொள்ள வேண்டும் என்ற விதியை எழுதும்போது, கடைசிக் குழியில் நிற்கும் நிலைமையைக் கவனித்தாரா என்பது தெரிந்துவிடும். பதினைந்து நிமிடக் கேள்விக்கு இது போதும்.

ஒரு முழு மணி நேரம் இருந்தால் ஆடுபுலி ஆட்டம்தான் என் தேர்வு. கோயில் மண்டபத் தரையிலும் பாறையிலும் கீறிவைத்த அந்தக் கட்டத்தைப் பார்க்காத ஊர் குறைவு. ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும். பரவலாக ஆடுவது இப்படி: உச்சியில் ஒரு புள்ளி. அங்கிருந்து நான்கு சாய்கோடுகள் விரிந்து இறங்கி அடிக்கோட்டில் முடிகின்றன. நடுவே மூன்று குறுக்குக் கோடுகள், இருபுறமும் முக்கோணத்தைத் தாண்டி நீண்டு, அவற்றின் முனைகள் பக்கத்துக்கு ஒரு நெட்டுக்கோட்டால் சேர்ந்திருக்கும். உச்சியில் 1, குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் 6 வீதம் 18, அடியில் 4, ஆக 23 புள்ளிகள். புலி 3, ஆடு 15. புலிகளை வைத்தபின் ஆட்டுக்காரர் முறைக்கு ஒன்றாக ஆடுகளை இறக்குவார். எல்லாம் இறங்கிய பிறகே ஆடுகள் நகரலாம். பக்கத்துப் புள்ளியில் ஆடும், அதே கோட்டில் அதற்கு அப்பால் காலிப் புள்ளியும் இருந்தால் புலி தாவி வெட்டும். புலிகள் எதுவும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி.

இதை எழுதச் சொன்னால் பெரும்பாலோருக்கு முதலில் தோன்றுவது புள்ளிகளுக்கு எண் கொடுத்து, எந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் எது என்று பட்டியல் போடுவது. உச்சியை 1 என்றும், முதல் குறுக்குக் கோட்டை இடமிருந்து 2 முதல் 7 என்றும், அடுத்ததை 8 முதல் 13 என்றும், மூன்றாவதை 14 முதல் 19 என்றும், அடிக்கோட்டை 20 முதல் 23 என்றும் வைப்போம். மொத்தம் 38 இணைப்புகள். நகர்த்தல் எல்லாம் சரியாக வேலை செய்யும். பிறகு வெட்டு. 'பக்கத்தில் ஆடு இருக்கிறதா, அந்த ஆட்டின் பக்கத்தில் காலி இருக்கிறதா, இருந்தால் தாவு' என்று எழுதுவார்கள். படித்தால் நியாயமாகத்தான் இருக்கும். ஓட்டிப் பார்த்தால் புலி மூலையில் திரும்பித் தாவும். 3இல் புலி, உச்சியில் ஆடு, 5 காலி என்று வையுங்கள். 1க்கு 3 பக்கம், 5உம் பக்கம். புரோகிராம் கூசாமல் வெட்டிவிடும். ஆடிப் பழகிய எந்தக் குழந்தையும் இதை ஒத்துக்கொள்ளாது. 3 ஒரு சாய்கோட்டில் இருக்கிறது, 5 வேறொரு சாய்கோட்டில்.

இங்கே ஒருவர் என்ன செய்கிறார் என்பதுதான் உண்மையான தேர்வு. சிலர் புள்ளிகளுக்கு ஆயத்தொலை கொடுத்துச் சாய்வு கணக்கிடத் தொடங்குவார்கள். சாய்கோடுகளில் தசமம் வந்து தொல்லை கொடுக்கும். சிலர் செல்லுபடியாகும் தாவல்களைத் தாளில் ஒவ்வொன்றாக எண்ணி எழுதுவார்கள். மூன்று மூன்று புள்ளிகளாக 28, போக வர என்று 56. பொறுமைசாலிகள், ஆனால் ஒன்று விட்டுப்போனால் கண்டுபிடிப்பது கஷ்டம். கொஞ்ச நேரம் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புள்ளிகளை விட்டுக் கோடுகளை எழுதுகிறவர்களும் உண்டு. சாய்கோடு நான்கு, குறுக்குக் கோடு மூன்று, அடிக்கோடு ஒன்று, நெட்டுக்கோடு இரண்டு, ஆகப் பத்துக் கோடுகள். முதல் சாய்கோடு 1, 3, 9, 15, 20. இடது நெட்டுக்கோடு 2, 8, 14. அவ்வளவுதான். ஒரு கோட்டில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு புள்ளிகள் என்றால் நகர்த்தல், அடுத்தடுத்து நிற்கும் மூன்று என்றால் வெட்டு. இரண்டு விதியும் ஒரே பட்டியலிலிருந்து வந்துவிடுகின்றன. தரவை எப்படி வைத்துக்கொள்வது என்ற கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் பல பக்கம் இருக்கிறது. அதை ஒருவர் உணர்ந்திருக்கிறாரா என்பது இந்த ஒரு முடிவில் தெரிகிறது.

எழுதி முடித்ததும் நான் கேட்கச் சொல்லும் கேள்வி: எந்தெந்தப் புள்ளிகளில் நின்றால் ஆடு வெட்டுப்படவே படாது? எந்தக் கோட்டிலும் நடுவில் வராத, முனையாக மட்டுமே வரும் புள்ளிகள் அவை. உச்சி, முதல் குறுக்குக் கோட்டின் இரு முனைகள், மூன்றாவதன் இரு முனைகள், அடிக்கோட்டின் இரு முனைகள். 1, 2, 7, 14, 19, 20, 23 என்று ஏழு புள்ளிகள். இரண்டாவது குறுக்குக் கோட்டின் முனையான 8 சேராது, ஏனென்றால் நெட்டுக்கோட்டில் அது நடுவில் வருகிறது. முதல் சில ஆடுகளை ஓரத்தில் இறக்கு என்று ஊரில் பாட்டிகள் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். இந்தப் பட்டியலைப் புரோகிராமே அச்சிடும்படி செய்யச் சொன்னால், அதுவே ஒரு சோதனையாகிவிடும். பட்டியலில் 1 இல்லையென்றால் தாவும் விதியில் பிழை. பிழையை யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை, எழுதியவரே பார்த்துவிடுவார்.

புலி அடைபட்டதா என்று பார்ப்பதிலும் ஒரு குழி இருக்கிறது. சுற்றிலும் காலி இல்லை என்றால் அடைபட்டது என்று எழுதிவிடுவார்கள். சுற்றிலும் ஆடுகள் நின்றாலும் அவற்றில் ஒன்றைத் தாவ வழியிருந்தால் புலிக்கு உயிர் இருக்கிறது. நகரவும் வெட்டவும் தனித்தனியாக எழுதியவர்கள் இங்கே மறந்துபோவார்கள். இரண்டையும் சேர்த்து 'இந்தப் புலியால் என்னென்ன செய்ய முடியும்' என்று ஒரே இடத்தில் கேட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரியில் முடிந்துவிடும்.

பிறகு விதியை மாற்ற வேண்டும். நேபாளத்தில் பாக் சால் என்று இதன் உறவுக்கார ஆட்டம் ஒன்று உண்டு. ஐந்துக்கு ஐந்தாக 25 புள்ளிகள், புலி 4, ஆடு 20. படுக்கைக் கோடு 5, நெட்டுக்கோடு 5, மூலைவிட்டங்களில் நீளமானவை 2, மூன்று புள்ளி மட்டும் உள்ளவை 4, மொத்தம் 16 கோடுகள். உன் புரோகிராம் இதையும் ஆடும்படி பண்ணு என்று சொல்லிப் பாருங்கள். கோடுகளைத் தரவாக வைத்தவர் பட்டியலை மாற்றிவிட்டு, புலி, ஆடுகளின் எண்ணிக்கையையும் மாற்றிவிட்டுத் தலை நிமிர்வார். 38 இணைப்புகளை ஆங்காங்கே நிபந்தனையாக எழுதிவைத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாடிக்கையாளர் ஆறு மாதம் கழித்து வந்து 'இன்னொரு கிளைக்கும் இதே மாதிரி வேண்டும், கொஞ்சம் வித்தியாசம்' என்று கேட்பதுதானே இந்தத் தொழிலின் அன்றாடம். கெட்டிக்காரர்களுக்கு இன்னும் ஒரு படி வைக்கலாம்: கணினியே ஆடுமா? மூன்று புலிகள் நிற்கக்கூடிய இடங்கள் 1,771. மிச்சம் 20 புள்ளிகளில் 15 வரை ஆடுகள் நிற்கும் வகைகளையும் பெருக்கினால் சுமார் 185 கோடி நிலைகள் வருகின்றன. இன்றைய கணினிக்கு இது எட்டாத எண் இல்லை, ஆனால் யோசிக்காமல் எழுதினால் நினைவகம் தாங்காது. பாக் சாலை லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற ஆய்வாளர்கள் கணினியால் கணக்கிட்டு, இருவரும் பிழையில்லாமல் ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று காட்டியிருக்கிறார்கள்.

வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றிய உளவியல் ஆய்வுகளும் இந்தப் பக்கமே கை காட்டுகின்றன. ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் 1998இல் 85 வருஷ ஆய்வுகளைத் தொகுத்தபோது, செய்யப்போகும் வேலையிலிருந்தே ஒரு துண்டைக் கொடுத்துப் பார்ப்பதற்கும் பின்னால் அந்த ஆள் வேலையில் காட்டும் திறனுக்கும் உள்ள தொடர்பு 0.54 என்று வந்தது. எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பீட்டு முறை என்று வைத்து நடத்தும் நேர்முகத் தேர்வுக்கு 0.51. பால் சாக்கெட்டும் கூட்டாளிகளும் 2022இல் கணக்கைத் திருத்திப் பார்த்து முதலாவதை 0.33 என்றும் இரண்டாவதை 0.42 என்றும் குறைத்தார்கள். குறைந்த பிறகும் ஒழுங்குபடுத்திய நேர்முகத் தேர்வுதான் பட்டியலில் மேலே நிற்கிறது. நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் இந்த அறிவு இருந்தது. காரி நாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூல் நிலம், பொன், நெல், அரிசி என்று பிரித்துப் பிரித்துக் கணக்கு வைக்கிறது. நெல் அளக்கப்போகிற பையனுக்கு நெல் கணக்குதான் சோதனை. தமிழ்நாட்டுக் கணித வரலாற்றை ஆராயும் த. செந்தில்பாபுவின் எழுத்துகளில் இந்தப் பள்ளிகள் வேலையோடு எவ்வளவு ஒட்டியிருந்தன என்பதைப் பார்க்கலாம்.

எதைக் கேட்கிறோம் என்பதைப் போலவே எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மஹ்னாஸ் பெரூஸி, கிறிஸ் பார்னின் ஆகியோரும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து 2020இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 48 மாணவர்கள். ஒரு பாதிப் பேர் வெள்ளைப் பலகை முன் நின்று, தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, பேசியபடியே எழுத வேண்டும். மறு பாதிப் பேர் அதே கணக்கைத் தனி அறையில் எழுதினார்கள். யாரோ பார்த்துக்கொண்டிருந்ததாலேயே செயல்திறன் பாதிக்கும் கீழே போயிற்று. பார்வையின் கீழ் எழுதிய பெண்களில் ஒருவரும் தேறவில்லை. தனியறையில் எழுதிய பெண்கள் எல்லாரும் தேறினார்கள். சிறிய குழுதான், இதை வைத்தே உலகத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஆங்கிலத்தில் பேசவும் வேண்டும், யோசிக்கவும் வேண்டும், எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருக்கவும் வேண்டும் என்ற நிலையில் கந்தர்வகோட்டைப் பக்கத்துப் பெண்ணை நிறுத்துகிறவர்கள், தாங்கள் அவளுடைய நிரல் அறிவைத்தான் அளக்கிறோம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அதனால் ஆடுபுலியைக் கேள்வியாக வைக்கிறவர்களுக்குச் சில காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன். இன்றைய பிள்ளைகளில் பலர் இதை ஆடியதில்லை. எனவே கட்டத்தைத் தாளில் அச்சடித்துக் கொடுத்து, விதியைத் தமிழில் சொல்லி, புளியங்கொட்டையோ நாணயமோ வைத்துப் பத்து நிமிடம் இரண்டிரண்டு பேராக ஆடவிட வேண்டும். ஆட்டத்தில் ஜெயித்தவருக்கு மதிப்பெண் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எழுதும் நேரத்தில் தேர்வாளர் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். திரும்பி வந்ததும் எழுதியதைத் தமிழிலேயே விளக்கச் சொல்ல வேண்டும். வேலைக்கு வேண்டிய ஆங்கிலத்தை வேறொரு சுற்றில் பார்த்துக்கொள்ளலாம், இரண்டையும் ஒரே நிமிடத்தில் அளந்தால் எதுவும் சரியாக அளந்ததாகாது. கட்டத்தை எப்படி வைத்துக்கொண்டார், தன் பிழையைத் தானே கண்டுபிடித்தாரா, விதி மாறியபோது எவ்வளவு மாற்ற வேண்டியிருந்தது என்ற மூன்றுக்கும் மதிப்பெண்ணை முன்கூட்டியே எழுதிவைத்து, எல்லாருக்கும் அதையே பயன்படுத்த வேண்டும். கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்ட இந்தக் காலத்தில், உச்சியில் தப்பாகத் தாவும் புலி உள்ள புரோகிராம் ஒன்றை நாமே எழுதிக் கொடுத்து, 'ஆடிப் பார், எங்கே தப்பு என்று சொல்' என்று கேட்பது இன்னும் நல்லது. கருவி எழுதித் தருவதைச் சரிபார்க்கத் தெரிந்தவருக்குத்தான் இனிமேல் தேவை அதிகம்.

இப்படிச் செய்வதற்குப் புதுக்கோட்டை பொருத்தமில்லாத மண் அல்ல. 1990களின் தொடக்கத்தில் இங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது பாட்டும் வீதி நாடகமும் பாடமாயின. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஊக்கப்படுத்த, பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்களும் அவர்களில் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி உலகறியச் செய்தார். அந்தப் பெண்களின் பேத்திகள்தான் இன்று இந்த மாவட்டத்துக் கல்லூரிகளில் கணினி அறிவியல் படிக்கும் வயதில் இருக்கிறார்கள். அவர்களுடைய கல்லூரி பிளேஸ்மென்ட் பிரிவுகள் மூன்றாம் ஆண்டிலேயே மாதம் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கினால் செலவு என்று எதுவும் இல்லை. தாளும், சுண்ணாம்புக் கட்டியும், ஏற்கெனவே ஆய்வகத்தில் இருக்கும் கணினிகளும் போதும்.

கடைசியாக ஒன்று, தேர்வாகாதவர்களைப் பற்றி. ஆஃப் கேம்பஸ் தேர்வுக்குப் போய்வரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காரணம் எதுவும் சொல்லப்படுவதில்லை. 'ஷார்ட்லிஸ்ட் ஆகவில்லை' என்ற ஒரு வரி வரும், சில நேரம் அதுவும் வராது. எதைத் திருத்திக்கொள்வது என்று தெரியாமல் அடுத்த தேர்வுக்குப் போகிறார்கள், அதே இடத்தில் மறுபடியும் விழுகிறார்கள். புதிரில் தோற்றவரிடம் சொல்ல எதுவும் இருக்காது. ஆட்டத்தைக் கட்டச் சொன்ன தேர்வில் சொல்வதற்கு இருக்கிறது: உன் புலி 3இலிருந்து உச்சியைத் தாண்டி 5க்குப் போனது, நீ பக்கத்துப் புள்ளிகளை மட்டும் எழுதினாய், கோடுகளை எழுதவில்லை, போய் அதைத் திருத்து என்று. இரண்டு நிமிட வேலை. தேர்வு நடத்தும் நிறுவனங்கள் தேறாத ஒவ்வொரு பிள்ளைக்கும் இதை எழுத்தில் கொடுத்து அனுப்ப வேண்டும். பஸ் கட்டணம் போட்டு வந்தவர்களுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவாவது கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.